பட்டமும் பரிவும்

ஈராண்டுகளுக்கு முன்னர் ஒரு மாலைப்பொழுது. நம் மகளின் இரண்டாம் ஆண்டு பி.யு.சி. தேர்வு முடிவுகள் வெளிவந்து மூன்று நாட்களே ஆகியிருந்தன. அசோகபுரத்து இரயில்வே பணிமனையிலிருந்து ஓய்வு பெற்ற நம் சிறிய தந்தையார் வந்திருந்தார். சத்தியமங்கலத்திலிருந்து திம்பம் மலைப்பாதையின் 27 வளைவுகளையும் கடந்து நம் தமக்கையாரும் வந்திருந்தார். கூடத்தின் ஒரு மூலையில், கட்டிலில் நம் அன்னையார் படுத்திருந்தார். அந்நிலையில் நம் மகள், தான் நான்காண்டுப் பட்டப்படிப்பாகச் செவிலியர் கல்வி பயில விரும்புவதாக அறிவித்தாள்.

சிறிய தந்தையார் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "ஏங்கண்ணு, பெட்பேன் எடுக்கறதுக்கும் மாத்திரை குடுக்கறதுக்கும் நாலு வருசம் காலேஜு எதுக்கு? நம்மூருப் பெரியாத்தா எந்தக் காலேஜுல படிச்சுட்டு வந்து ஊருல பாதிப்பேருக்குப் பேறு பாத்தா? பொறுமையும் மனசுல ஈரமும் இருந்தாப் போதாதா?" என்று கேட்டார்.

கேள்வி மகளை நோக்கியதே எனினும், கூடத்திலிருந்த அனைவரும் தமக்கையாரையே நோக்கினோம். ஏனெனில் அவரும் செவிலியர். அரசு மருத்துவமனைகளில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தொண்டாற்றியவர். அவர் உடனே விடை கூறவில்லை. "யோசிச்சுத்தான் சொல்லோணும் சித்தப்பா" என்று மட்டும் கூறி, அன்னையாரைப் புரட்டிப் படுக்க வைக்க எழுந்து சென்றார். அவ்வினாவை நாமும் அன்று தொட்டுச் சிந்தித்து வருகிறோம். நம் சங்கத்தின் மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டுமென நண்பர்கள் கேட்டபோது, அதனையே எழுதலாம் எனத் துணிந்தோம்.

நோய் தீர்க்கும் கலையில் செவிலியரின் இடம் யாது என்று நம் முன்னோர் எண்ணாமல் இல்லை. திருக்குறளில் 'மருந்து' என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளை நினைவு கூர்வோம். மருத்துவம் என்பது நான்கு கூறுகளை உடையது என்று வள்ளுவர் அங்கு வகுக்கிறார். நோயாளி ஒரு கூறு. மருத்துவன் ஒரு கூறு. மருந்து ஒரு கூறு. நான்காவது கூறு, நோயாளியின் பக்கத்திலிருந்து அம்மருந்தைத் தவறாமல் ஊட்டுபவன். அவனுக்கு அவர் இட்ட பெயர் 'உழைச்செல்வான்' என்பது. உழை என்றால் பக்கம். பக்கத்திலேயே இருப்பவன் என்பதைக் காட்டிலும் செவிலியர்க்குப் பொருத்தமான பெயர் வேறொன்று உண்டோ?

பரிமேலழகர் அக்கூறு ஒவ்வொன்றையும் மேலும் நான்காகப் பகுத்துக் காட்டுகிறார். பக்கத்திலிருப்பவனுக்கு அவர் வேண்டும் பண்புகள் நோயாளியிடம் அன்பு, மனம் மொழி மெய் ஆகியவற்றின் தூய்மை, சொல்லியதைச் சொல்லியவாறே செய்து முடிக்கும் வன்மை, அறிவு ஆகியவை. வடமொழியில் சரகரின் நூலும் ஏறத்தாழ இவற்றையே கூறுகிறது. அங்கும் பணிவிடை முறைகளை அறிந்திருத்தல், கைத்திறன், அன்பு, தூய்மை என நான்கு வருகின்றன. இவ்விரண்டு பட்டியலிலும் அன்பு உண்டு, அறிவும் உண்டு. அன்பிருந்தால் அறிவு வேண்டா என்று ஒருவரும் கூறவில்லை. அறிவிருந்தால் அன்பு வேண்டா என்றும் கூறவில்லை. சிறிய தந்தையாரின் வினாவுக்குப் பாதி விடை இங்கேயே கிடைத்துவிடுகிறது எனலாம்.

ஏட்டில் மட்டுமன்றி, கல்லிலும் இதற்குச் சான்று உண்டு. காஞ்சிபுரத்தை அடுத்த திருமுக்கூடலில், வீரராசேந்திர சோழன் காலத்தில், பதினோராம் நூற்றாண்டில் பொறிக்கப்பட்ட கல்வெட்டு ஒன்று ஆதுலர்சாலை ஒன்றைப் பற்றிக் கூறுகிறது. அதில் 15 படுக்கைகள் இருந்தன. மருத்துவர் ஒருவர், அறுவை செய்பவர் ஒருவர், மூலிகை கொணர்வோர் ஆகியோரோடு, நோயாளிகளைப் பேணும் பெண்டிர் இருவரும் ஊதியத்துடன் அமர்த்தப்பட்டிருந்தனர். உதகையிலிருந்து 1966ஆம் ஆண்டு நம் மைசூருக்கு வந்த தொல்லியல் துறையின் கல்வெட்டுப் பிரிவில்தான் தமிழ்க் கல்வெட்டுகளின் மைப்படிகள் நெடுங்காலம் பாதுகாக்கப்பட்டிருந்தன என்பதை நம் சங்கத்தார் நன்கு அறிவர். அக்கட்டடத்தைக் கடந்து செல்லும்போதெல்லாம், பெயர் தெரியாத அவ்விரு பெண்டிரையும் நாம் எண்ணிக்கொள்வதுண்டு. 15 படுக்கைகளுக்கு இருவர்! இன்றைய மருத்துவமனைகள் பலவற்றில் இரவு வேளையில் இவ்விகிதம்கூட இல்லை என்பது வருந்தத்தக்க உண்மை.

இனி, நம் இல்லத்தில் நிகழ்ந்ததைக் கூறுவோம். மகளின் தேர்வு முடிவுகள் வருவதற்கு முந்தைய மழைக்காலம் அது. 74 வயதான அன்னையார் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். நகரிலுள்ள தனியார் மருத்துவமனை ஒன்றில் சேர்த்தோம். அறுவை நன்கு முடிந்தது. 19 நாட்கள் அங்கு இருந்தோம்.

அங்கே செவிலியர் இருவரைக் கண்டோம். ஒருவர் ஐம்பதை நெருங்கும் நஞ்சன்கூட்டுப் பெண்மணி. அன்னையார்க்குக் கன்னடம் தெரியாது. அவருக்குத் தமிழ் தெரியாது. எனினும் "அஜ்ஜி, அஜ்ஜி" என்று அழைத்து அவர் பேசப் பேச, அன்னையாரும் விடை கூறிக்கொண்டே இருப்பார். இரண்டு மணி நேரத்துக்கொருமுறை புரட்டிப் படுக்க வைப்பார். முதுகைத் துடைத்துப் பவுடர் இடுவார். குதிகாலின் கீழே துணிச்சுருள் வைப்பார். 19 நாட்களில் ஒரு படுக்கைப் புண்ணும் தோன்றவில்லை. மற்றவர் கேரளத்திலிருந்து வந்த இளம்பெண், பி.எஸ்ஸி. நர்சிங் பட்டம் பெற்று ஓராண்டுகூட ஆகாதவர். அவருடைய கை நடுங்கும். பெட்பேன் வைக்கத் தெரியாமல் முதல் நாள் அன்னையாரை நோகச் செய்துவிட்டார். "அந்தப் பச்சைப்புள்ள வேண்டாஞ்சாமி, அஜ்ஜிங்கறவளைக் கூப்புடு" என்பார் அன்னையார். அப்போது நம்மை ஒருவர் கேட்டிருந்தால், பட்டத்தை விட அனுபவமே பெரிது என்று தயங்காமல் கூறியிருப்போம்.

அறுவைக்குப் பின் மூன்றாம் இரவு. வலி தாளாமல் அரற்றிய அன்னையார்க்கு மாலையில் கடுமையான வலியடக்கி ஊசி போடப்பட்டது. ஒன்பது மணியளவில் அவர் அமைதியாக உறங்கலானார். மூன்று நாட்களுக்குப் பின் வந்த உறக்கம் என்று நாம் மகிழ்ந்தோம். நஞ்சன்கூட்டு அம்மையாரும் மகிழ்ந்து, போர்வையை இழுத்துப் போர்த்துவிட்டுச் சென்றார். அவர் பகற்பணி முடித்தவர். ஆள் பற்றாக்குறையால் நள்ளிரவு வரை நிறுத்தி வைக்கப்பட்டிருந்தார். அன்று அவர் பொறுப்பில் முப்பதுக்கும் மேற்பட்ட நோயாளிகள் இருந்தனர்.

நள்ளிரவில் பணி ஏற்ற இளம்பெண், அன்னையாரின் அருகில் வந்து நின்றார். கைக்கடிகாரத்தைப் பார்த்தவாறே அசையாமல் நின்றார். ஒரு நிமிடம் முழுவதும் நின்றார். பிறகு கட்டிலின் காலடியில் தொங்கிய அட்டையை எடுத்துப் பார்த்தார். அதில் காலை முதல் நிமிடத்துக்கு மூச்சு 20 என்றே ஒவ்வொரு வேளையும் எழுதப்பட்டிருந்தது. ஒன்பது மணிக்கும் 20. மீண்டும் ஒரு நிமிடம் எண்ணினார். எட்டு! வளர்ந்தவர் ஒருவர் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விட வேண்டும் என்பதை அன்று வரை நாம் அறியோம். தோளைத் தட்டி எழுப்ப முயன்றார். அன்னையார் கண் திறக்கவில்லை.

அவ்விளம்பெண் பணி மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்தார். வலி அடங்கி உறங்குகிறார், உறங்கட்டும், காலையில் பார்க்கலாம் என்பதே மறுமொழியாக வந்ததென, பிறகு அவர் கூற அறிந்தோம். ஆக்சிஜன் குழாயைப் பொருத்திவிட்டு மறுபடியும் அழைத்தார். இம்முறை அவர் குரல் நடுங்கவில்லை. போடப்பட்ட ஊசியின் பெயர், அளவு, போட்ட நேரம், மூச்சின் எண்ணிக்கை, இரத்த அழுத்தம் ஆகியவற்றை வரிசையாகக் கூறினார். "நீங்கள் வரவேண்டும், நான் அழைத்த நேரத்தைக் குறித்துக்கொண்டிருக்கிறேன்" என்று ஆங்கிலத்தில் சொன்னது நம் செவியில் விழுந்தது. பத்து நிமிடங்களில் மருத்துவர் வந்தார். மருந்தின் வீறை முறிக்கும் நலோக்ஸோன் என்னும் மாற்றூசி போடப்பட்டது. அன்னையார் கண் விழித்து, வலிக்கிறது என்று முனகினார். அந்த முனகலைப் போல் இனிய ஒலியை நாம் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

விடிந்த பின் அப்பெண்ணிடம், எவ்வாறு அறிந்தீர் என்று கேட்டோம். அவர் எளிமையாகச் சொன்னார்: முதியவர்களுக்குச் சிறுநீரகம் தளர்ந்திருக்கும், ஆதலால் அம்மருந்து உடலை விட்டு விரைவில் வெளியேறாமல் தங்கிவிடலாம், மூச்சுக் குறைவதற்கு முன்னர் அளவிறந்த உறக்கமே முதற்குறியாக வரும், நல்ல உறக்கம் என்று வீட்டார் மகிழும் வேளையில்தான் செவிலியர் ஐயுற வேண்டும். இதனைச் சொல்லிவிட்டு, "பாடத்தில் படித்தது, நேரில் இப்போதுதான் பார்க்கிறேன், எனக்கும் பயமாகத்தான் இருந்தது" என்றார்.

இந்நிகழ்ச்சியை இவ்வளவில் நிறுத்தினால், பட்டமே வென்றது என்று முடித்துவிடலாம். ஆயின் அது முழு உண்மை ஆகாது. 20 என்று எழுதிய அம்மையாரை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். அவர் அன்பில்லாதவரா? சோம்பலுடையவரா? அன்று. பிறகு பேசும்போது தெரிய வந்தது: அவர் பயின்றது துணைச் செவிலியர் பயிற்சி. ஊர்ப்புறங்களில் தடுப்பூசி போடவும், கருவுற்ற தாய்மாரைக் கவனிக்கவும், பேறு பார்க்கவும் ஏற்பட்ட பயிற்சி அது. அப்பணிக்கு அவர் மிகத் தகுதி உடையவர். அவரைக் குறைந்த ஊதியத்துக்கு அறுவைப் பிரிவில் நிறுத்தி, பதினாறு மணி நேரம் தொடர்ந்து வேலை வாங்கியது யார் குற்றம்? முப்பது பேருடைய மூச்சை ஒவ்வொரு நிமிடமாக எண்ணினால், எண்ணுவதற்கே அரை மணி நேரம் வேண்டும். மருந்து கொடுப்பது எப்போது? புரட்டிப் படுக்க வைப்பது எப்போது? எழுதப்பட்ட 20 என்னும் எண், கல்வியின் குறையையும் காட்டியது. ஆட்களின் குறையையும் காட்டியது. நடந்ததை அறிந்த அவ்வம்மையார் மறுநாள் அன்னையாரின் காலடியில் நின்று கண்ணீர் உகுத்தார். அன்னையார்க்கு எதுவும் புரியவில்லை. "ஏஞ்சாமி அளுகறா?" என்று நம்மைக் கேட்டார். நாம் சொல்லவில்லை.

அதன் பின்னர் மற்றொன்றையும் கண்டோம். நோயாளியின் இடுப்பை நோகாமல் தூக்கி, அடியில் பெட்பேனை நுழைக்கும் விதத்தை மூத்தவர் இளையவர்க்குக் கற்றுக்கொடுத்தார். மூச்சை எண்ணும் விதத்தை இளையவர் மூத்தவர்க்குக் காட்டினார். ஒருவர்க்கொருவர் ஆசிரியர் ஆயினர்.

செவிலியர் கல்வியின் வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால், இவ்வழக்கு நூற்றாண்டுக்கு மேற்பட்டது என்பது விளங்கும். 1820இல் பிறந்து, 1860இல் இலண்டன் புனித தாமசு மருத்துவமனையில் பயிற்சிப் பள்ளி நிறுவிய புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரே, செவிலியர்க்குத் தேர்வு நடத்திப் பதிவேட்டில் பெயர் சேர்க்கும் முறையை எதிர்த்தவர். நற்பண்பைத் தேர்வுத்தாளால் அளக்க இயலாது என்பது அவர் கருத்து. அவர் மறைந்த பின்னர், 1919இல்தான் இங்கிலாந்தில் பதிவுச் சட்டம் வந்தது. ஆயின் அவ்வம்மையார் வெறும் பரிவின் வடிவம் அல்லர் என்பதையும் மறத்தலாகாது. போர்க்களத்தில் காயத்தால் இறந்தவரினும் நோயால் இறந்தவரே மிகுதி என்பதைக் கணக்கெடுத்து, வண்ணப் படமாக வரைந்து காட்டி, அரசை அசைத்தவர் அவர். இங்கிலாந்தின் புள்ளியியல் கழகத்தில் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பெண்மணியும் அவரே. விளக்கேந்திய கையை உலகம் நினைவில் வைத்திருக்கிறது. கணக்கெழுதிய கையை மறந்துவிட்டது!

நம் நாட்டில், சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1871இலேயே பயிற்சி தொடங்கியது. வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையாரின் மருத்துவமனையில் 1909இல் செவிலியர் பள்ளி ஏற்பட்டது. சென்னை மாகாணம் 1926இல் செவிலியர், மருத்துவச்சியர்க்கான சட்டத்தை இயற்றியது. 1946ஆம் ஆண்டு சிறப்புக்குரியது. அவ்வாண்டில்தான் தில்லியிலும் வேலூரிலும் செவிலியர் பட்டப்படிப்பு தொடங்கப்பட்டது. மறு ஆண்டு இந்தியச் செவிலியர் மன்றச் சட்டம் வந்தது. 2023இல் அதற்கு மாற்றாகப் புதிய ஆணையச் சட்டம் இயற்றப்பட்டது. இடைப்பட்ட காலத்தில், துணைச் செவிலியர், மூன்றாண்டு டிப்ளமோ பெற்றவர், நான்காண்டுப் பட்டம் பெற்றவர் என மூன்று படிகள் நிலைபெற்றன. டிப்ளமோ படிப்பைப் படிப்படியாக நிறுத்திவிட்டுப் பட்டம் ஒன்றையே வைத்துக்கொள்ளலாம் என்னும் பேச்சும் எழுந்தது. பின்னர் அது தள்ளிவைக்கப்பட்டது. இங்கிலாந்து அவ்வாறு செய்துவிட்டது. 2013 முதல் அங்குப் புதிதாகச் சேரும் செவிலியர் அனைவரும் பட்டக்கல்வியே பயில்கின்றனர். செருமனியிலோ பெரும்பாலோர் இன்றும் தொழிற்பயிற்சி வழியாகவே செவிலியர் ஆகின்றனர்.

அயல்நாட்டு ஆராய்ச்சியாளர் இதனைக் கணக்கிட்டும் பார்த்துள்ளனர். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 168 மருத்துவமனைகளை ஆராய்ந்து, லிண்டா எய்கன் என்னும் அறிஞரும் அவர் குழுவினரும் 2003இல் ஒரு முடிவை வெளியிட்டனர். பட்டம் பெற்ற செவிலியரின் பங்கு 10 விழுக்காடு கூடுமிடத்து, அறுவை செய்துகொண்டோர் 30 நாட்களுக்குள் இறக்கும் வாய்ப்பு 5 விழுக்காடு குறைவாக இருந்தது என்பது அது. 2014இல் ஒன்பது ஐரோப்பிய நாடுகளின் 300 மருத்துவமனைகளில், நான்கு இலட்சத்துக்கு மேற்பட்ட நோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்தபோது, அவ்வாய்ப்பு 7 விழுக்காடு குறைந்திருக்கக் கண்டனர். ஆயின் அதே ஆய்வில் மற்றொரு செய்தியும் உண்டு. அதனைப் பலர் எடுத்துச் சொல்வதில்லை. ஒரு செவிலியரின் பொறுப்பில் நோயாளி ஒருவர் கூடுதலாகச் சேரும்போதெல்லாம், இறப்பின் வாய்ப்பு 7 விழுக்காடு மிகுந்தது. ஒரு கையால் கொடுத்ததை மற்றொரு கை பறித்துக்கொள்கிறது! பட்டதாரிகளை அமர்த்திவிட்டு, ஒருவரிடம் முப்பது பேரை ஒப்படைத்தால், பெற்ற பயன் அனைத்தும் கரைந்து போகும். நம் அன்னையாரின் அட்டையில் இருந்த 20 என்னும் எண்ணுக்கு உரை எழுதியதுபோல் இவ்வாய்வு நமக்குத் தோன்றுகிறது.

இதனால் பரிவின் பெருமை குறைந்ததா? இல்லை. இக்கருநாடகத்தின் வட கன்னட மாவட்டத்து ஹள்திபுரத்தில் பிறந்த அருணா ஷான்பாக் அம்மையாரின் வரலாற்றை நாடறியும். மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் செவிலியராய் இருந்த அவர், 1973ஆம் ஆண்டு நவம்பரில் அங்கேயே ஒரு கொடியவனால் தாக்கப்பட்டு, நினைவிழந்த நிலையை அடைந்தார். 2015 மே 18 அன்று உயிர் நீங்கும் வரை, 42 ஆண்டுகள், அம்மருத்துவமனையின் செவிலியர் அவரைப் பேணினர். தாக்குண்டபோது உடன் பணிபுரிந்தோர் ஓய்வு பெற்றுச் சென்றனர். அவர் முகத்தை நலத்தோடு கண்டறியாத புதியவர் வந்தனர். பணிவிடை மட்டும் நிற்கவில்லை. 2011இல் அவர் வழக்கை ஆராய்ந்த உச்ச நீதிமன்றம், இத்துணை ஆண்டுகள் படுக்கையில் கிடந்தும் படுக்கைப் புண் இன்றி அவரைக் காத்த செவிலியரை மனமாரப் பாராட்டியது. அவ்வாறு பேணுதற்கு எந்தப் பல்கலைக்கழகம் பட்டம் அளிக்கும்? ஆயினும், படுக்கைப் புண் எதனால் வருகிறது, எவ்விடத்தில் முதலில் வருகிறது, எத்துணை நேரத்தில் வருகிறது என்பதை அறியாத அன்பினால் மட்டும் அது நிகழ்ந்திருக்குமா என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

பட்டத்தைப் பற்றிப் பேச நமக்கு என்ன தகுதி என்று அன்பர்கள் கேட்கலாம். நாம் பி.ஏ. பட்டம் பெற்றவர், நடுவண் அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தர். இவ்வேலைக்காக நாம் எழுதிய தேர்வுக்குப் பட்டம் தேவையில்லை; பள்ளிப்படிப்பே போதுமானதாக இருந்தது. கோப்பில் குறிப்பு எழுதவும், வந்த கடிதத்துக்கு எண் இடவும், நாம் படித்த வரலாறு ஒருநாளும் பயன்பட்டதில்லை. எனினும் அப்பட்டத்தை எண்ணி நாம் செருக்குற்றதுண்டு. அச்செருக்கு எவர் உழைப்பில் விளைந்தது என்பதையும் இங்கே கூறிவிட வேண்டும். தந்தையார் மறைந்தபோது நமக்கு வயது 12. தமக்கையார் கல்லூரிக்குச் செல்லும் எண்ணத்தை விட்டு, உதவித்தொகை கிடைக்கும் என்பதற்காகவே அரசின் மூன்றாண்டுச் செவிலியர் பயிற்சியில் சேர்ந்தார். பின்னர் இரவுப் பணி பார்த்து ஈட்டிய ஊதியத்தில் நம்மைப் பட்டதாரி ஆக்கினார். பட்டம் தேவைப்படாத வேலைக்குச் சென்ற தம்பி பட்டதாரி. உயிரோடு போராடும் வேலைக்குச் சென்ற தமக்கை டிப்ளமோ. இம்முரண்பாட்டை நாம் நெடுநாள் உணரவே இல்லை.

தம் 38ஆம் வயதில், இரு குழந்தைகளையும் மாமியாரிடம் விட்டுவிட்டு, சென்னைக்குச் சென்று ஈராண்டு பயின்று, டிப்ளமோ பெற்றவர்க்கென உள்ள பி.எஸ்ஸி. பட்டத்தைத் தமக்கையார் பெற்றார். "இந்த வயசுல எதுக்குக்கா?" என்று நாம் அன்று கேட்டோம். பட்டதாரியான தம்பி கேட்ட கேள்வி அது! நினைக்கும்தோறும் நாணுகிறோம்.

அன்று மாலை, அன்னையாரைப் புரட்டிப் படுக்க வைத்துவிட்டு வந்த தமக்கையார், சிறிய தந்தையாரின் அருகில் அமர்ந்து விடை கூறினார். அச்சொற்களை இயன்றவரை அவ்வாறே தருகிறோம்.

"சித்தப்பா, பரிவு இல்லாதவளுக்கு நாலு வருசத்துல யாரும் பரிவைச் சொல்லித் தர முடியாது. அது நெசந்தான். ஆனா டிப்ளமோ படிச்சுட்டு வந்த புதுசுல, டாக்டர் சொன்னா நான் செய்வேன். ஏன்னு தெரியாது. தப்பாத் தெரிஞ்சாலும் வாய் வராது. பட்டம் படிச்சதுக்கப்புறம் ஏன்னு தெரிஞ்சுது. ஏன்னு தெரிஞ்சவளுக்குத்தான் 'இது சரியில்லீங்க சார்'னு சொல்றதுக்குத் தைரியம் வரும். நம்மம்மாளைக் காப்பாத்துனது அந்தத் தைரியந்தான்."

சற்று நிறுத்தி, மேலும் சொன்னார்: "ஆனா ஒண்ணு. பட்டம் வாங்குனவங்க பலபேரு வார்டுல நிக்கறதில்லீங்க. மேசைக்குப் போயிடறாங்க, இல்லீன்னா பாடம் நடத்தப் போயிடறாங்க. நோயாளி பக்கத்துல நிக்காத பட்டம் யாருக்கு? சில காலேஜுல பொண்ணுங்க ஊசியைப் பொம்மையில குத்திப் பழகறதோட சரி. பாப்பா சேருற எடத்துல ஆஸ்பத்திரி இருக்குதா, அதுல நோயாளிங்க இருக்கறாங்களான்னு மொதல்ல பாருங்க. கட்டடத்தைப் பாத்து ஏமாந்துறாதீங்க."

பின்னர் அவர் மகளை அழைத்து, ஒரு நிபந்தனை விதித்தார். விண்ணப்பம் கொடுப்பதற்கு முன் பத்து நாட்கள், பாட்டியின் பணிவிடை முழுவதையும் அவள் ஒருத்தியே செய்ய வேண்டும். குளிப்பாட்டுவது, துணி மாற்றுவது, இரவில் எழுந்து புரட்டுவது எல்லாம். அதன் பிறகும் விருப்பம் இருந்தால் சேரலாம் என்றார். நான்காம் நாள் மகள் அழுதாள். ஆறாம் நாள் பாட்டியோடு சண்டையிட்டாள். பத்தாம் நாள், பாட்டியின் குதிகால் சிவந்திருப்பதை நம் இல்லத்தரசியினும் முன்னதாக அவள் கண்டுபிடித்தாள். பதினோராம் நாள் விண்ணப்பம் கொடுத்தோம். கட்டணத்துக்கு வங்கியில் கடன் பெற்றோம். சிறிய தந்தையார் ஒன்றும் பேசாமல் முதல் பருவத்துக்கான புத்தகங்களை வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார்.

நம் நகரிலேயே காசநோய்க்கென 1921இல் ஏற்பட்ட இளவரசி கிருஷ்ணாஜம்மணி நினைவு மருத்துவமனை உண்டு. அது தோன்றிய காலத்தில் அந்நோயைத் தீர்க்கும் மருந்தே உலகில் இல்லை. 1943இல்தான் ஸ்ட்ரெப்டோமைசின் கண்டறியப்பட்டது. அதுவரை அங்கே நோயாளிகளுக்குக் கிடைத்தவை நல்ல காற்று, நல்ல உணவு, ஓய்வு, அருகிருந்து பேணும் கைகள் ஆகியவையே. மருந்தில்லாத காலத்தில் பேணுதலே மருந்தாய் இருந்தது. இன்றோ மருந்துகள் பல. ஒவ்வொன்றும் காக்கவும் வல்லது, கொல்லவும் வல்லது. ஆதலால் அருகிலிருப்பவர் அறிய வேண்டியவை பன்மடங்கு பெருகிவிட்டன. மருத்துவர் நாளுக்குப் பத்து நிமிடம் வருகிறார். எஞ்சிய நேரம் முழுவதும் அருகில் இருப்பவர் செவிலியர். எவர் அதிக நேரம் அருகில் இருக்கிறாரோ, அவர் குறைவாகக் கற்றால் போதும் என்று நாம் இத்துணைக் காலம் எண்ணி வந்தது எவ்வளவு விந்தை!

ஆகவே, செவிலியர்க்குப் பட்டம் வேண்டுமா என்றால், வேண்டும் என்பதே நம் துணிபு. ஆயின் இன்று பட்டமில்லாமல் பணிபுரியும் இலட்சக்கணக்கானோரை இழித்துரைக்கும் கருவியாக அது ஆகிவிடலாகாது. தமக்கையார் போன்றோர்க்கு, விடுப்பும் ஊதியமும் அளித்து மேலும் கற்கும் வாயிலைத் திறந்துவிட வேண்டும். நஞ்சன்கூட்டு அம்மையார் போன்றோரை அவர் பயின்ற பணியில் அமர்த்த வேண்டும். அல்லது புதிய பணிக்குரிய கல்வியைத் தந்துவிட்டு அமர்த்த வேண்டும். ஒருவர் தலையில் முப்பது பேரைச் சுமத்தும் கொடுமை ஒழிய வேண்டும். இம்மூன்றும் இல்லாத பட்டம், சுவரில் மாட்டும் படமே ஆகும்.

நம் மகள் இப்போது இரண்டாம் ஆண்டு பயில்கிறாள். ஞாயிறுதோறும் விடுதியிலிருந்து வருவாள். வந்தவுடன் கை கழுவிவிட்டு, பாட்டியின் கட்டிலில் அமர்ந்து, அவர் மணிக்கட்டைப் பற்றிக்கொள்வாள். அரை நிமிடம் நாடியைப் பார்ப்பாள். பார்த்து முடித்த பின்னும் கையை விடமாட்டாள். அவள் கண் பாட்டியின் மார்பின் மீது இருக்கும். ஒருநாள் காரணம் கேட்டோம். மூச்சை எண்ணுகிறோம் என்று தெரிந்தால் நோயாளி தம்மை அறியாமல் மூச்சை மாற்றிவிடுவார். ஆதலால் நாடி பார்ப்பதுபோலவே கையைப் பிடித்துக்கொண்டு எண்ண வேண்டும் என்று முதல் ஆண்டில் கற்பித்தார்களாம்.

பாட்டிக்கு இது தெரியாது. பேத்தி ஆசையோடு தம் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறாள் என்றே அவர் எண்ணி மகிழ்கிறார். அதுவும் உண்மைதான்.